சார்ட்டில் ஏழாவது வரி

மணிமேகலை டீச்சருக்கு யாரைப் பார்த்தாலும் விசாரித்தாக வேண்டும். திருமயம் பக்கத்தில் எங்கள் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறார். பதினாறு வருடத்தில் ஒரு பிள்ளையையும் கைநீட்டி அடித்ததில்லை. யார் சாப்பிடாமல் வந்தது, யார் வீட்டில் சண்டை, எல்லாம் அவருக்குத் தெரியும். அக்கறைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இடம் பார்க்க மாட்டார். என் மகனுக்குப் பெண் அமையாததை ஆபீஸில் நாலு பேர் நிற்கும்போதுதான் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த ஜூனில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வகுப்புக்கு விதிகள் எழுதப் போவதாகச் சொன்னார். வேறு வேலை இல்லை இவருக்கு என்று நினைத்தேன். பிள்ளைகள் தங்களுக்கு ஆறு விதி சொன்னார்கள். கேலிப்பேர் வைக்கக் கூடாது, பாடம் நடக்கும்போது பேசக் கூடாது, இந்த மாதிரி.

"எனக்கும் ஒரு விதி சொல்லுங்க. பேரு போட வேணாம்" என்று துண்டுச் சீட்டு கொடுத்திருக்கிறார்.

முப்பத்திரண்டு சீட்டில் பதினொன்று ஒரே விஷயத்தைச் சொல்லின. எங்க வீட்டு விஷயத்த எல்லார் முன்னாடியும் கேக்காதீங்க டீச்சர்.

அதை வகுப்புச் சுவரில் மாட்டும் விதிச் சார்ட்டில் ஏழாவதாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டு, ஸ்டாஃப் ரூமுக்கு வந்து அழுதார். "நான் அக்கறையாத்தானே கேட்டேன்?"

அதே வகுப்பு ஹரிணியை நினைத்துப் பாருங்கள் என்றேன். போன வருடம் அந்தப் பெண்ணின் அம்மா கோபித்துக்கொண்டு பொன்னமராவதிக்குப் போய்விட்டார். வருகைப் பதிவு எடுத்தபடியே, "ஹரிணி, அம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டார் இவர். வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஒரு வாரம் அவள் தலை நிமிரவில்லை.

சார்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்றோடு டீச்சர் விசாரிப்பதையே நிறுத்திவிட்டார். "சாப்பிட்டியா" என்றுகூட ஒரு பிள்ளையைக் கேட்பதில்லை.

போன புதன்கிழமை சாயங்காலம் நாங்கள் இருவரும் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். சைக்கிள் ஸ்டாண்டில் ஹரிணி மட்டும் நின்றாள். முகம் சரியில்லை. டீச்சர் நின்றார், வாயெடுத்தார், பிறகு சிரித்துவிட்டு நடந்தார். "கேட்டாத்தான் என்ன?" என்றேன். "வேணாங்க, எழுதிக் கொடுத்திருக்கேன்ல" என்றார். நானாவது கேட்டிருக்கலாம். எனக்கு பஸ் பெரிதாகத் தெரிந்தது.

மறுநாள் ஹரிணியின் அப்பா குணசேகரன் அவளோடு வந்து டி.சி. கேட்டார். "திருப்பூர் போறோம். அங்கிட்டுச் சேத்துக்குவோம்" என்றார். எந்தப் பள்ளியில் என்று தலைமையாசிரியர் கேட்டதற்கு, "போயித்தான் பாக்கணும்" என்றார். மில் வேலைக்குத்தான் கூட்டிப்போகிறார் என்று எனக்குப் பட்டது.

அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த டீச்சருக்கு அப்போது பொறுக்கவில்லை. ஆபீஸில் தலைமையாசிரியர், கிளார்க், நான், சான்றிதழ் வாங்க வந்த இரண்டு பெற்றோர், எல்லாரும் இருந்தோம்.

"ஏம்மா, ஒனக்குப் படிக்க இஷ்டம் இல்லையா? வீட்ல என்ன பிரச்சனை? அம்மாவுக்குத் தெரியுமா?"

குணசேகரன் தரையைப் பார்த்தார். ஹரிணி அப்பாவைப் பார்த்தாள், பிறகு எங்கள் எல்லாரையும்.

"நேத்து சைக்கிள் ஸ்டாண்டுல ஒங்களுக்காகத்தான் நின்னேன் டீச்சர்" என்றாள். "அங்க கேப்பீங்கன்னு நெனச்சேன்."