அப்பாவின் பாதி

என் அப்பா குடிக்க மாட்டார். தங்கமான மனுஷன் என்று தெருவே மெச்சும். குடிக்காமலேதான் அம்மாவை அடித்தார். கோலார் சுரங்க வேலையை விட்டுவிட்டு, பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனிக்கு வாட்ச்மேனாக வந்திருந்தார். யூனிஃபார்ம் பெல்ட் அவர் இடுப்பில் இருந்ததைவிட அம்மா முதுகில் விழுந்ததுதான் அதிகம்.

காரணம் தம்பி. அப்பா, அம்மா, நான் மூவரும் நல்ல கறுப்பு. அவன் வெளுப்பு, அதிலும் பூனைக்கண். "இது எவன் புள்ளடி?" ஏழு வருஷமாக இதே கேள்வி. ரேஷன் கார்டில்கூட அவன் பெயரைச் சேர்க்க விடவில்லை. பெரிய ஜமீன், சொத்தில் பங்கு போய்விடும் பாருங்கள்!

தொண்ணூறுகளின் நடுவில் நான் செகண்ட் பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு படித்தேன். விந்தும் கருமுட்டையும் உண்டாகும்போது செல் பாதியாகப் பிரிகிற மியாசிஸைப் பயாலஜி மிஸ் நடத்திய அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மாவைக் காப்பாற்ற வழி புத்தகத்திலேயே இருக்கிறதே என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு மதியம் சிவப்பு, கறுப்பு உல்லன் நூல்களை அப்பா முன்னால் வைத்தேன்.

"சிவப்பு உங்கப்பா உங்களுக்குக் குடுத்தது. கறுப்பு உங்கம்மா குடுத்தது. குழந்தைக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டும் ஒட்டி நின்னு துண்டு துண்டா மாத்திக்கும்." வெட்டி, மாற்றி முடிச்சுப் போட்டேன். "அதுல பாதிதான் குழந்தைக்குப் போகும். ஒவ்வொரு தடவையும் சீட்டு கலைச்ச மாதிரி. அம்மாகிட்டயும் அப்படித்தான். எனக்கு வந்ததேதான் அவனுக்கும் வரணும்னு இல்ல. உங்க ரெண்டு பேருக்குள்ளயும் ஒளிஞ்சு கெடந்தது அவன்கிட்ட வெளிய வரலாம்."

கவனமாகக் கேட்டார். "பாதி என்னுதுன்ற?"

"ஆமாப்பா."

"கரெக்டா பாதி?"

"கரெக்டா பாதி."

வாயை அங்கே மூடியிருக்க வேண்டும், மடச்சி. பாதி என்றால் பார்த்தாலே தெரிய வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்டார். பாறையில் தங்க ரேகை தேடிப் பழகிய ஆள். டார்ச்சைக் கொண்டுவந்து, தம்பியைச் சுவரோரம் நிறுத்தி, காது, மூக்கு, நகம், கால்விரல் என்று ஒவ்வொன்றாகத் தன்னோடு ஒத்துப் பார்த்தார். பையன் நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டான். எதுவும் ஒத்துப்போகவில்லை.

"உன் பொண்ணு படிச்ச படிப்பே சொல்லுதுடி!" பெல்ட்டின் பக்கிள் அம்மாவின் புருவத்தைக் கிழித்தது. நூல்மேல் ரத்தம். "இவன இன்னைக்கே எங்கனா பஸ் ஏத்தி வுட்டுட்டு வரேன்" என்று தம்பியின் தலைமயிரைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்.

அடுப்பிலிருந்து இரும்புத் தோசைக்கல்லை எடுத்து அவர் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. தம்பியை விட்டுவிட்டார். நான் விடவில்லை. தோளில், முதுகில், விழுந்த பிறகும் விலாவில் அடித்தேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தது. மாடியிலிருந்து ஓடிவந்த வீட்டுக்காரம்மா "சாகு, பிடம்மா!" என்று கன்னடத்தில், போதும் விடு என்று கத்தி, என் இடுப்பைப் பிடித்து இழுத்த பிறகுதான் நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு அப்பா யாரையும் அடிக்கவில்லை. மாவுக்கட்டோடு போய்க் கார்டில் தம்பி பெயரைச் சேர்த்தார். பாசமா, மண்ணாங்கட்டி. என்மேல் பயம்.

அந்த மதியம், எல்லாம் ஓய்ந்ததும், அம்மாவின் புருவத்து ரத்தத்தைத் துடைக்கலாம் என்று கையை நீட்டினேன். அவள் சுவரோடு ஒடுங்கி, முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.