கொதிகலனுக்குள் இறங்காதவன்

சென்ற வாரம் மருத்துவமனையில் என்னைப் படுக்கவைத்து, உடலை ஊடுருவிப் படமெடுக்கும் நீண்ட குழாய்க்குள் தள்ளினார்கள். "அங்கிள், ஆடாதீங்க லா, இருபது நிமிஷம்தான்," என்றாள் தாதி. ஆடவில்லை, அஞ்சினேன். மருந்து நெடி வீசிய அவ்வறையில், எங்கிருந்தோ ஈரத் துருவின் மணம் எழுந்தது.

அது எங்கள் பட்டறையின் மணம், நண்பரே. கப்பல் தளத்தில் தொழில் கற்ற பாட்டனார் சிங்கப்பூரின் செம்பவாங்கில் தொடங்க, தந்தையார் வளர்த்த கொதிகலன் பட்டறை. எல்லாரும் 'பாய்லர்' என்ற அங்கே 'கொதிகலன்' என்று சொன்னவன் நான் ஒருவனே. தூய தமிழ்ப் பித்து எனக்கு அன்றே உண்டு. மூத்த தொழிலாளி காதர் பாய் சிரிப்பார்: "பேரு எதுவா இருந்தாலும் உள்ள ஒரே இருட்டுதான் தம்பி."

எங்கள் குடும்பத்தில் ஒருவர் உள்ளே இறங்கி, ஒவ்வொரு பற்றவைப்பையும் கையால் தடவிப் பார்த்த பின்னரே கலன் வெளியே செல்லும். வாங்குவோருக்குத் தந்தையார் தந்த வாக்குறுதி அது. அவருடைய முழங்கால் தளர்ந்தபோது அப்பொறுப்பு என்னிடம் வந்தது. முதலில் வாய்த்தது, சலவை நிலையம் ஒன்றுக்கான கலன். ஆள் இறங்கும் துளைக்குள் தோள்வரை நுழைந்தேன். மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. பின்வாங்கினேன். காதர் பாய் என் கைவிளக்கை வாங்கிக்கொண்டு உள்ளே இறங்கினார்.

மாலையில் தந்தையார் கேட்டார்: "நீயே எறங்கிப் பாத்தியா?"

"பாத்தேன்ப்பா."

அவர் பார்வை காதர் பாயின்மீது சென்றது.

"தம்பி நல்லாத்தான் பாத்தாரு முதலாளி."

அதன்பின் எல்லாக் கலன்களிலும் காதர் பாயே இறங்கினார். கையொப்பம் மட்டும் என்னுடையது. அதனினும் இழிவு, நிறுவனத்தின் ஆண்டுமலருக்கு வரலாறு எழுதும் பணியை நானே ஏற்று, அவ்வாக்குறுதி ஒருநாளும் தவறியதில்லை என்று செதுக்கிய தமிழில் எழுதியது.

காதர் பாய் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், தேக்காச் சந்தையில் அவர் மகனைக் கண்டேன். "அந்த மலர என்னையப் படிச்சுக் காட்டச் சொல்வாரு அத்தா. 'சின்ன முதலாளியே பாய்லருக்குள்ள எறங்குவாரு, அப்படிப்பட்ட எடத்துல வேலை பாத்தேன்'னு சொல்லிக்கிட்டே இருப்பாரு," என்றார்.

சொந்த மகனிடமும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட அதுவே தக்க வேளை.

"ஆமா, அதெல்லாம் அந்தக் காலம்," என்றேன்.

பட்டறை நின்ற இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். தந்தையாரும் இல்லை. மருத்துவமனையிலிருந்து வந்தபின், அந்த உண்மையைச் சொல்லிவிடக் காதர் பாயின் மகனைத் தேடி, பிடோக்கில் அவர்களுடைய பழைய வீட்டுக்குச் சென்றேன். வீடு மாறிப் போய்விட்டாராம். எங்கே என்று அண்டை வீட்டாருக்குத் தெரியவில்லை. அன்று சந்தையில் தொலைபேசி எண்ணைத் தர அவர் முன்வந்தார். பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி விரைந்து நடந்தவன் நான்.