வாட்டம் பார்க்காத மூன்று வரிசை

தலைசுற்றல் என்றால் எல்லோரும் நம்பினார்கள். கலவைச் சட்டியிலேயே வாந்தி எடுப்பவரை எப்படி நம்பாமல் இருப்பது? சுவரைப் பிடித்தபடி ஆடி ஆடி நடந்ததால் கூட வேலை செய்தவர்கள் அவருக்குக் ‘கப்பல்’ என்று பெயர் வைத்தார்கள். அதில்கூடக் கொஞ்சம் பாசம் இருந்தது. சுற்றல் நின்ற பிறகு வரும் களைப்புக்குத்தான் பெயரும் இல்லை, மரியாதையும் இல்லை.

இருபத்திரண்டு வருடமாக டைல்ஸ் ஒட்டுகிறவர். உள்காதில் நீர் கோத்துக்கொள்கிறது என்று டாக்டர் சொல்லி ஆறு வருடம் ஆகிறது. இடது காதில் ஓயாத இரைச்சல். மாதம் இரண்டு முறை, மூன்று மணி நேரம் உலகமே சுழலும். பிறகு நான்கைந்து நாள், ஈரச் சாக்கை உடம்பில் சுற்றிக் கட்டியதுபோல அசதி. பல் துலக்கினாலே உட்காரத் தோன்றும். அந்த உடம்பைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்காது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சட்டை மாற்றுவார். “எட்டு மணி நேரம் தூங்குனீங்களே, இன்னும் என்ன?” என்பாள் மனைவி. கேள்வியில் தப்பே இல்லை. அதனாலேயே பற்றிக்கொண்டு வரும்.

ஒரு டீச்சர் வீட்டுக் குளியலறை. சுற்றல் வந்துபோன இரண்டாம் நாள். தண்ணீர் தானாக மூலைத் துளைக்கு ஓடும்படி தரைக்கு வாட்டம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் முட்டிபோட்டு ரசமட்டம் வைத்து, எழுந்து, தள்ளி நின்று பார்க்க வேண்டும். நான்காவது வரிசையில் எழுந்தபோது கால் நடுங்கியது. கைக்குத் தெரியாத வாட்டமா என்று, மிச்சம் மூன்று வரிசையையும் உட்கார்ந்தபடியே ஒட்டினார். கலவை இறுகியதும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது வழக்கம். அதற்கும் எழுந்து வாளி நிரப்ப வேண்டும். விட்டுவிட்டார்.

அடுத்த வாரமே டீச்சர் போன் செய்துவிட்டாள். மேஸ்திரியும் அவரும், கூட வேலை பார்க்கும் அவர் மனைவியின் தம்பியும் போனார்கள். மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். அது துளைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் கதவோரம் தேங்கியது. சோப்பு நுரை, தலைமுடி, சாம்பல் நிற அழுக்கு எல்லாம் மிதந்து வந்து, ஒட்டியவர் காலையே சுற்றி நின்றன.

“மூணு நாளா இதுல நின்னுதான் குளிக்கிறேன்,” என்றாள் டீச்சர். “வீட்டுக்குள்ள நீச்சல்குளம் வேணும்னு நான் கேட்டேனா?”

மைத்துனன் முந்திக்கொண்டான். “அவருக்குக் காதுல கோளாறு, மேடம். தலை சுத்தியிருக்கும். சொல்லுங்க மாமா.”

“அடப் பாவமே,” என்றாள் டீச்சர். குரல் இறங்கிவிட்டது.

மேஸ்திரியும் இறங்கி வந்தார். “சுத்துதுன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, கப்பலு? சரி, உடைச்சு மாத்திக் குடுத்துரு.”

அவர் ஆமாம் என்றால் போதும், வேலை தப்பிவிடும். வாயைத் திறந்தார். கால் விரலிடுக்கில் யாருடைய தலைமுடியோ சுற்றிக்கொண்டது. நோயைப் பிச்சைத் தட்டாக ஏந்திக்கொண்டு இந்த அழுக்கில் நிற்கிறோமே என்று குமட்டியது.

“சுத்தல,” என்றார். “அன்னைக்குத் தலை தெளிவாத்தான் இருந்துச்சு. அசதி. எந்திரிக்க முடியல. மட்டம் பாக்காம ஒட்டிட்டேன்.”

“அசதியா?” மேஸ்திரி சிரித்தார். “எனக்குந்தான் அசதி. என் பொண்டாட்டிக்குக் கல்யாணத்தன்னிக்கே ஆரம்பிச்ச அசதி. அதுக்காக அடுத்தவங்க வீட்டைக் குளமாக்குவியா?”

டீச்சர் சிரிக்கவில்லை, பரிதாபப்படுவதையும் நிறுத்திக்கொண்டாள். மைத்துனன் பல்லைக் கடித்தான். “வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம், மாமா.”

“இனிமே கலவைக் கரண்டியத் தொடாதே,” என்றார் மேஸ்திரி. “இதை உன் மச்சானே சரி பண்ணட்டும். நீ நாளையிலேர்ந்து டைல்ஸ் பெட்டியப் பிரிச்சு, உடைசல் பொறுக்கு. ஸ்டூல் போட்டு உக்காந்துக்கலாம்.”

நேற்றுச் சேர்ந்தவன் பார்க்கிற வேலை. ரத்தம் கொதித்திருக்க வேண்டும். கொதிக்கட்டும் என்று அவரும் காத்துப் பார்த்தார். ‘உக்காந்துக்கலாம்’ என்ற சொல் காதில் விழுந்ததுமே இரண்டு முட்டியும் நிம்மதியில் தளர்ந்திருந்தன. தேங்கிய தண்ணீரைவிட அந்த நிம்மதிதான் அருவருப்பாக இருந்தது.

“எத்தனை மணிக்கு வரணும்?” என்று கேட்டார்.