நான் கிளம்பியதும் சூடேறும் அறை

1. குறை இல்லை

2023 மே 9, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். ஆறரைக்குக் கருவிப் பையைக் கவிழ்த்து எண்ணினேன். இருபத்து மூன்று உருப்படிகளும் இருந்தன. கிளாம்ப் மீட்டருக்கும் தெர்மாமீட்டருக்கும் பேட்டரி பார்த்தேன். ஏழு மணிக்கு மூன்று இட்லி. ஏழரைக்குப் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்திலுள்ள என் ஏசி சர்வீஸ் கடையைத் திறந்து, அன்றைய புகார்களை ஊர் வரிசைப்படி நோட்டில் எழுதினேன். இருபத்தோரு வருஷமாக இந்த வரிசை மாறியதில்லை.

முதல் புகார் குன்னத்தில், ஒரு பருத்தி விவசாயி வீடு. "மத்தியானத்துல ஏசி ஓடுது, கூலிங் வரல, கரண்டு மட்டும் போவுது" என்று முந்தின நாள் சொல்லியிருந்தார். ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலைக் கூட்டிப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். உள் யூனிட்டின் ஃபில்டரைக் கழுவினேன். வெளி யூனிட்டில் ஒட்டியிருந்த பஞ்சைத் தண்ணீர் அடித்து எடுத்தேன். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்ததில் உள்ளே வரும் காற்று பதிமூன்று டிகிரி. ஆம்பியரும் சரியாக இருந்தது. "குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அந்த இரண்டு சொற்களுக்கு நான் சனிக்கிழமை பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பதினொன்றரைக்கு லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ரஜாக் பாய் போன் செய்தார்.

"முருகேசு தம்பி, மறுபடியும் ரூம் சூடாயிருச்சு. மெஷின கழட்டிறலாம்னு ரியாஸ் சொல்றான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் திருச்சிலேருந்து காரு வருது. இவள மக வூட்டுக்கு அனுப்புறோம்."

ரியாஸ், ஷார்ஜாவில் இருக்கும் அவர் மகன். 'இவள்' அவர் மனைவி ஜமீலா அம்மா. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி, படுக்கையில் இருந்தார். இன்னும் ஆறு வாரம் எழுந்து நடக்கக் கூடாது. முதுகு வேர்த்தால் புண் வந்துவிடும், அறை குளுமையாக இருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அந்த அறையில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசியை மாட்டியவன் நான்தான்.

"அம்மா போறேங்கிறாங்களா பாய்?"

"எங்க போறேங்கிறா. செத்தப்பறம் எம் மையித்துதான் இந்த வூட்ட வுட்டுப் போவும்ங்கிறா. நீங்க ஒருக்கா வந்து பாத்துருங்க. இல்லன்னா நான் இவளுக்கும் மகனுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டுச் சாவணும்."

புதன் காலை வருகிறேன் என்றேன். நோட்டைப் பின்னால் புரட்டினேன். அந்த வீட்டுக்கு ஏப்ரல் 18, ஏப்ரல் 29 என ஏற்கனவே இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டு நாளும் என் எழுத்தில் ஒரே முடிவு: காற்று பதிமூன்று டிகிரி, கேஸ் பிரஷர் சரி, குறை இல்லை.

2. நஸ்ரினின் நோட்டு

மே 10, புதன். பத்து மணிக்கு லெப்பைக்குடிக்காடு. போவதற்கு முன் போன் செய்து சொல்லிவிட்டுத்தான் போவேன். பெண்கள் இருக்கிற வீட்டு மாடியில் ஏறும் வேலை. சொல்லாமல் போவது முறையில்லை. போனபோது மாடி காலியாக இருந்தது. கொடித் துணிகளையெல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஜமீலா அம்மா கட்டிலில் இருந்தபடியே என்னைப் பார்த்தார். "வாப்பா. நீ வந்தீன்னா மெஷினு ஒழுங்கா ஓடும். போனீன்னா படுத்துக்கும். ஒனக்கும் அதுக்கும் என்னமோ பேச்சு இருக்கு."

"மாமியார் வாரப்ப மட்டும் கூட்டிப் பெருக்குற மருமவ மாதிரி" என்றார் ரஜாக் பாய்.

"எம் மருமவ அப்புடி இல்ல. அவ தெனமும் பெருக்க மாட்டா" என்றார் ஜமீலா அம்மா. கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அது மருமகள் நஸ்ரின்.

ஏப்ரல் 29 அன்று அந்த வீட்டில் ஒரு தெர்மாமீட்டரைக் கொடுத்து, அரை மணிக்கு ஒரு தரம் அறைச் சூட்டைக் குறிக்கச் சொல்லியிருந்தேன். பொதுவாக யாரும் இரண்டு நாளுக்கு மேல் எழுத மாட்டார்கள். நஸ்ரின் பதினோரு நாள் எழுதியிருந்தார். தொழுகை நேரத்தில் விட்டுப்போன வரிகளில் கோடு போட்டிருந்தார். நோட்டை மாமனார் கையில் கொடுத்தனுப்பினார்.

ஏப்ரல் 29 பக்கத்தைப் பார்த்தேன். நான் இருந்தவரை இருபத்தைந்து டிகிரி. பதினொன்றே காலுக்கு, "ஏசி அண்ணன் கிளம்பினார்." பன்னிரண்டே காலுக்கு இருபத்தெட்டு. இரண்டு மணிக்கு முப்பத்தொன்று. மற்ற பத்து நாளும் மத்தியானம் முப்பதுக்குக் குறையவில்லை. காலையிலும் இரவிலும் நன்றாகவே இருந்தது.

அதற்குள் ரியாஸ் ஷார்ஜாவிலிருந்து வீடியோ காலில் வந்துவிட்டார். "அண்ணே, எங்க ரூம்ல ஏழு பேரு. ஒத்த ஏசி, பதினெட்டுல வச்சா நாள் பூரா கிடந்து ஓடுது. எங்க அம்மா ஒத்த ஆளு. ஒங்க மெஷினுக்கு என்ன வந்துச்சு? இன்னொரு கடைக்காரரு கம்ப்ரசர் போச்சு, ரெண்டு டன்னு மாட்டணும்னு சொல்றாரு."

"கம்ப்ரசர் போயிருந்தா நான் இருக்குறப்பவும் ஓடக் கூடாதுங்க தம்பி."

"அப்ப நீங்களே அங்க குடியிருந்துருங்கண்ணே."

மாடிக்குப் போய் மறுபடியும் எல்லாம் அளந்தேன். வெளி யூனிட்டைக் கைப்பிடிச் சுவரைவிட உயரமான இரும்பு ஸ்டாண்டில், சூடு தெருப் பக்கம் போகும்படி மாட்டியிருந்தேன். அது உள்ளே இழுக்கும் வெளிக்காற்று முப்பத்தொன்பது டிகிரி, மே மாதத்துக்கு நியாயமானது. ஆம்பியர் சரி. அறையில் பதிமூன்று டிகிரிக் காற்று. மூன்றாவது தடவையும் குறை இல்லை.

பன்னிரண்டு மணிக்கு வண்டியை எடுத்தேன். ஒரு தெருவை விட்டுப் போகுமுன் அந்த வேலையை நோட்டில் எழுதிவிடுவது என் வழக்கம். முனையிலிருந்த டீக்கடையில் நின்று எழுதினேன். 'குறை' என்று எழுதி, அடுத்த சொல்லுக்குப் பேனாவைத் தூக்கியபோது தலையும் நிமிர்ந்தது. ரஜாக் பாய் வீட்டு மாடி தெரிந்தது. சுவரை ஒட்டி மேலே குழாயில் சுருட்டிக் கட்டியிருந்த நீலப் படுதா மெதுவாக அவிழ்ந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நான் மாட்டிய வெளி யூனிட்டின் மூஞ்சிக்கு நேராக, ஒரு சாண் தள்ளி, கைப்பிடிச் சுவர்வரை இறங்கி நின்றது.

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டேன்.

3. வேர்க்கக் கூடாது என்று

ரஜாக் பாய்க்குப் போன் செய்து, டீக்கடையில்தான் நிற்கிறேன், திரும்பி வரலாமா என்று கேட்டேன். வாங்க என்றார். படுதாவைப் பற்றிக் கேட்டதும் அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"நோன்பு ஆரம்பிச்சப்ப பக்கத்து மனையில மேல்மாடி எழுப்ப ஆரம்பிச்சாங்க தம்பி. கொத்தனாரு, சித்தாளு எல்லாம் சாரத்துல நிக்கிறாங்க. பொம்பளைங்க துணி காயப்போட மாடிக்குப் போவ முடியல. அதான் சுத்திலும் படுதா கட்டுனோம்."

"நான் வாரப்ப அது சுருட்டியிருந்துச்சே பாய்."

"பின்ன? ஒரு மனுசன் நம்ம வூட்டுக்கு வேலைக்கு வந்தா, படுதாவுக்குள்ள நிறுத்தி வேவ வைக்கவா முடியும்? காத்து வரட்டும்னு மருமவப் புள்ள போயி தூக்கிக் கட்டிட்டு வரும். நீங்க போனதும் அவுத்து வுடும்."

மூன்று தடவையும் நான் அந்த நீலச் சுருளைப் பார்த்திருக்கிறேன். மழைக்குக் கட்டியது என்று நானே நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. எனக்கு வேர்க்கக் கூடாது என்ற அவர்களுடைய மரியாதையும், கேட்காத என் மரியாதையும் சேர்ந்து ஒரு நல்ல மெஷினைக் கெட்ட மெஷினாக்கியிருந்தன.

சொன்னால் மட்டும் போதாது, மகனுக்குக் காட்ட வேண்டும். பகலில் வீட்டில் ஃபிரிட்ஜும் ஒரு ஃபேனும் தவிர மற்றதை நிறுத்தச் சொன்னேன். ஒன்றிலிருந்து இரண்டு மணிவரை படுதா கீழே. வெளி யூனிட் உள்ளே இழுக்கும் காற்று ஐம்பத்திரண்டு டிகிரிக்கு ஏறியது. விட்ட சூட்டையே யூனிட் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. இ.பி. மீட்டரில் ஒரு மணி நேரத்துக்கு 1.9 யூனிட், அறை முப்பது டிகிரி. பிறகு படுதாவைத் தூக்கி, அரை மணி ஆறவிட்டு, இரண்டரையிலிருந்து மூன்றரைவரை. 1.1 யூனிட், அறை இருபத்தாறு. மீட்டரை ரஜாக் பாயே படித்துச் சொல்ல, நஸ்ரின் எழுதினார். அந்தப் பக்கத்தை ரியாஸுக்குப் படமெடுத்து அனுப்பினார்கள்.

அவர் உடனே கூப்பிட்டார். "அப்ப படுதாவக் கழட்டுங்க, தீந்துச்சு."

"கழட்டிட்டு?" என்றார் ஜமீலா அம்மா கட்டிலிலிருந்து. "ஒம் பொண்டாட்டி துணிய எங்க காயப்போடுவா, ஷார்ஜாவுலயா?"

"அப்ப நீங்களே ஒரு வழி சொல்லுங்கண்ணே" என்றார் ரியாஸ்.

மாடிக்கும் படுதா வேண்டும், மெஷினுக்கும் காற்று வேண்டும். படுதாவில் ஓட்டை போட்டால் சாரத்திலிருப்பவர்களுக்கு மாடி தெரியும். ஸ்டாண்டை உயர்த்தினால் காற்றில் ஆடும். இரண்டையும் சொல்லிவிட்டு நின்றேன்.

"அடுப்படியில எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்குல்ல" என்றார் ஜமீலா அம்மா. "அது பொகைய வெளிய தள்ளுது. அது வழியா எவனாச்சும் என்னய எட்டிப் பாத்துருக்கானா? ஓட்டைய ஃபேனே அடச்சிக்கிது. அதே மாதிரி ஒன் மெஷின படுதாவுல பொருத்தி வையேன்."

இருபத்தோரு வருஷத்தில் என்னிடம் வேலை சொன்ன எந்த இன்ஜினியரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. யூனிட்டின் முகம் மட்டும் படுதாவுக்கு வெளியே, முதுகு மாடிக்கு உள்ளே. சூடு தெருப் பக்கம் போகும். மாடிப் பக்கத்துக் காற்று உள்ளே வரும். நடுவில் படுதாவே சுவர். முன்பு இருந்ததைவிட நல்ல ஏற்பாடு.

4. வியாழனும் வெள்ளியும்

மே 11, வியாழன். ஸ்டாண்டை முக்கால் அடி வெளியே நீட்ட வேண்டும். காலையில் அரியலூருக்குப் போய், தெரிந்த லேத் பட்டறையில் ஆங்கிள் இரும்பு வெட்டி வெல்டு அடித்து வாங்கினேன். யூனிட்டை நகர்த்தும்போது செம்புக் குழாய் எட்டுமா என்பது அடுத்த கவலை. எட்டவில்லையென்றால் கேஸை இறக்கி, குழாயை வெட்டி ஒட்ட வேண்டும். ஆனால் நான் எந்த வீட்டிலும் வெளி யூனிட் பக்கம் ஒரு சுற்றுக் குழாய் கூடுதலாக விடுவேன். வீண் செம்பு என்று மற்ற மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள். அந்த ஒரு சுற்று அன்றைக்கு அவிழ்ந்து கொடுத்தது.

யூனிட்டின் நீள அகலத்தைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தேன். நஸ்ரின் படுதாவில் அதே அளவுக்கு வெட்டி, ஓரத்தை மடித்துத் தையல் மெஷினில் இரட்டைத் தையல் போட்டு, நாடாவும் வைத்துத் தந்தார். ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. மாலை நாலரைக்கு மாட்டி முடித்தேன்.

ரிமோட்டை இருபத்தாறில் வைத்து, ஃபேனை ஒன்றில் விட்டேன். கதவின் கீழ் இடுக்குக்கு ஒரு துணிச் சுருள். ஃபில்டரைப் பதினைந்து நாளைக்கொரு தரம் கழுவ வேண்டும். இளைய மெக்கானிக்குகளே, இதை எல்லா வீட்டிலும் சொல்லுங்கள்; பதினெட்டில் வைத்தால் சீக்கிரம் குளிராது, அதிக நேரம்தான் ஓடும்.

மே 12, வெள்ளி. படுதா நாள் முழுக்க இறங்கியே இருக்கட்டும், யாரும் எனக்காகத் தூக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். இரண்டு மணிக்குப் போனேன். சாரத்தில் கொத்தனார்கள் நின்றார்கள். மாடியில் கொடி நிறையத் துணி காய்ந்தது. அறை இருபத்தைந்தரை. ஒன்றிலிருந்து இரண்டுவரை மீட்டர் ஓடியது 0.9 யூனிட். படுதாவைத் தூக்கி அளந்ததைவிடக் குறைவு.

இரண்டேகாலுக்குத் திருச்சிக் கார் வந்து நின்றது. டிரைவர் உள்ளே வந்து, "கிளம்பலாங்களாம்மா?" என்றார்.

ஜமீலா அம்மா கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "காலையிலேருந்து குளுரு தாங்கல. இந்தக் குளுர்ல எங்கப்பா கிளம்புறது? நஸ்ரினு, தம்பிக்குச் சோறு போடும்மா. வந்த காரு வெறுமனே போவ வேணாம், எம் மவளுக்கு ஒரு சட்டி வச்சனுப்பு."

ரஜாக் பாய் போனில் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அல்ஹம்துலில்லாஹ், காரு போவுது. ஒங்கம்மா போவல. பிரியாணிதான் போவுது."

ரியாஸ் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். "அண்ணே, ஷார்ஜா ரூமுக்கும் ஒரு நாள் வந்து பாருங்கண்ணே."

"சொல்லிட்டுத்தான் வருவேன் தம்பி. ஆனா எனக்காக எதையும் ஒதுக்கி வைக்காதீங்க."

அன்று மாலை நோட்டில் எழுதியது இது ஒன்றுதான்: நான் இருக்கும்போது மெஷின் எப்படி ஓடுகிறது என்பது பாதிப் பரிசோதனை. நான் இல்லாதபோது அந்த வீடு எப்படி இருக்கும் என்று கேட்பது மீதிப் பாதி.

மே 13, சனிக்கிழமை. ஏழரைக்குக் கடையைத் திறக்கவில்லை. முதல் வேலையாகக் குன்னம் போனேன். பருத்திக்காரர் வீட்டு வாசல் அன்றும் கூட்டிப் பளிச்சென்று இருந்தது.

"நான் வரலன்னு நெனச்சிக்குங்க. எப்பவும் இருக்குற மாதிரி எல்லாத்தையும் வையுங்க" என்றேன்.

அவரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க வாரீங்கன்னுதான் ஒதுக்கி வச்சோம்" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா சேலையை இழுத்துச் செருகினார். இருவருமாகப் பின்கட்டிலிருந்து ஐந்து பருத்தி மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து, வெளி யூனிட்டின் முகத்துக்கு நேராக ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள்.

நோட்டைத் திறந்து, செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் "குறை இல்லை" என்பதற்கு முன்னால் "நான் இருந்தபோது" என்று சேர்த்து எழுதினேன். பிறகு மூட்டைகளை எதிர்ச்சுவருக்கு நகர்த்த நானும் ஒரு கை பிடித்தேன்.