மூன்றாவது மொட்டை

என் மகன் குடிப்பதை நிறுத்தியபோதுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த ஆண்பிள்ளை குடிக்க ஆரம்பித்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. நிறுத்தினால் கேட்பார்கள். நானும் கேட்டேன், மனசுக்குள். வாய்விட்டுக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் சமையலறைக் கதவோரம் நின்றே பேசி அனுப்பிவிடுகிறவள் நான்.

அவனுக்கு இருபத்து மூன்று வயது. எனக்கு அறுபத்தாறு. கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகி, இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு பிறந்தவன். அவன் அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில்லும் மூடி, அவரும் போய் ஆறு வருஷம் ஆகிறது. முதலியார்பேட்டையில் இரண்டு அறை வீட்டில் நானும் அவனும்தான். பைபாஸ் ரோட்டில் லாரி பழுது பார்க்கும் ஷெட்டில் அவனுக்கு வேலை.

குடியை விட்ட கையோடு முடிவெட்டுவதையும் விட்டான். மாசம் தவறாமல் சலூனுக்குப் போகிறவன் அந்தப் பக்கமே போகவில்லை. தாடி வளர்ந்தது. காதை மூடிக்கொண்டு முடி இறங்கியது. அரியாங்குப்பத்தில் இருக்கும் என் நாத்தனார், அவன் அப்பாவின் தங்கை, வந்து பார்த்த அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அண்ணி, இது லவ் பெயிலியரு. எவளோ இவனை உட்டுட்டு வேற எவனையோ கட்டிக்கினு பூட்டா."

"அப்பிடி ஒண்ணும் தெரியலியே."

"உனக்கு இன்னா தெரியும்? கதவு சந்துல நின்னு உலகத்தைப் பாக்குற ஆளு நீ."

தெருக்குழாயில் பெண்கள் வேறு மாதிரி கேட்டார்கள். "எந்தக் கோயிலுக்கு முடி விட்டிருக்கான் உன் புள்ள?" எங்கள் பக்கம் ஆண்பிள்ளை முடி வளர்த்தால் இந்த இரண்டு காரணம்தான். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டே, "எங்க குலதெய்வத்துக்கு" என்றேன். அவன் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் சொன்ன பிறகு எனக்கே அது பிடித்துப்போயிற்று. ஏனென்றால் அம்மனுக்கு உண்மையிலேயே ஒரு மொட்டை பாக்கி இருந்தது.

விழுப்புரம் பக்கத்தில் எங்கள் குலதெய்வம் இருக்கிறாள். பிள்ளை இல்லாத காலத்தில் அவள் முன்னால் முந்தானையை விரித்து, ஒன்று கொடு, அதன் தலையில் மூன்று மொட்டை தருகிறேன் என்று கேட்டேன். முதல் மொட்டை ஒரு வயதில் போட்டோம். இரண்டாவது, பள்ளிக்கூடம் சேர்க்கும் முன்னால். மூன்றாவது, அவன் சம்பாதித்துச் சொந்தக் காலில் நிற்கும்போது. அப்பா செத்ததற்கு அவன் போட்ட மொட்டை இதில் சேராது, அது துக்கத்து முடி. கொடுத்தவளுக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளத் தெரியாதா என்ன? இந்தப் பயத்தோடுதான் நான் அவனைச் சைக்கிளில் அனுப்பினேன், கடலில் குளிக்க விட்டேன்.

ஒரு நாள் காலையில் அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து அவன் பையைத் திறந்தேன். சின்ன மரச்சீப்பு ஒன்று இருந்தது. பெண்ணின் தலையெண்ணெய் வாசனை வருகிறதா என்று முகர்ந்துகூடப் பார்த்தேன். மர வாசனைதான். அடியில் ஒரு நோட்டுப் புத்தகம். பிரித்தேன். தமிழ் இல்லை, இங்கிலீஷ் இல்லை. மேலே கோடு இழுத்து, கொடியில் துணி காயப்போட்ட மாதிரி தொங்கும் எழுத்துகள். அவன் கையில் வேறு கொஞ்ச நாளாக ஒரு இரும்புக் காப்பு. யாரோ பிள்ளைக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

கொஞ்சம் உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஒரே எழுத்து ஒரு பக்கம் முழுக்க. மேல் வரிசையில் கோணல் மாணலாக, கீழே வர வரக் கொஞ்சம் நேராக. நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். ஆனால் எழுதிப் பழகுகிறவனின் பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது மந்திரம் இல்லை, பாடம். தெரிந்ததும் பயம் குறையவில்லை, கூடியது. செய்வினை என்றால் கழிப்பு எடுக்கலாம். படிக்கிறவனை என்ன செய்வது?

நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பார்த்தான்.

"பஞ்சாபி எழுத்தும்மா."

"பஞ்சாபி பொண்ணா?"

சிரித்துவிட்டான். "பொண்ணு இல்லம்மா. தாத்தா வயசு டிரைவரு ஒருத்தர். ஷெட்டுக்கு வந்த லாரி, ஸ்பேர் வராம எட்டு நாளு நின்னுச்சு. எட்டு நாளும் ரொட்டி சுட்டு எங்க எல்லாருக்கும் போட்டாரு. சாயங்காலம் ஆனா மூஞ்சி கழுவி, தலைப்பா கட்டிக்கினு ஏதோ சொல்லுவாரு. நான் குடிச்சிட்டுப் போயி பக்கத்துல உக்காந்தேன். திட்டல. தண்ணி குடுத்தாரு. அவரு இன்னா சொல்றாருன்னு தெரிஞ்சிக்கணும்னு தோணிச்சு."

"மதம் மாறிட்டியா?"

"தெரிஞ்சிக்கிறேன்மா. அவ்ளோதான்."

"சரி, தெரிஞ்சிக்கோ. ஆடி மாசம் அம்மனுக்கு முடி குடுத்துட்டு வந்து தெரிஞ்சிக்கோ."

அவன் துண்டை மடித்துக்கொண்டே நின்றான். "முடி வெட்டக் கூடாதும்மா. அதுதான் அவங்களுக்கு முக்கியம். நான் இன்னும் அவங்க ஆளு இல்ல. ஆனா வெட்டவும் எனக்கு மனசு வரல."

எட்டு நாள் ரொட்டி போட்ட ஒருவர், இருபத்து மூன்று வருஷம் சோறு போட்ட என் வாக்கை அடித்துவிட்டார். யார் அவர்கள், பிள்ளையிடம் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. அவன் மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையில் இருக்கும் அவர்கள் கோயிலுக்குப் போகிறான் என்று தெரிந்ததும், "நானும் வரேன்" என்றேன். அவனுக்குச் சந்தோஷம். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல். அங்கே போய்க் காலைக் கழுவி, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். சாமியைத் தேடினேன். சாமி இல்லை. மேடையில் பட்டுத்துணிக்குள் ஒரு பெரிய புத்தகம், அதற்கு ஒருவர் வெண்சாமரம் வீசிக்கொண்டிருந்தார். எங்கள் அம்மன் என்றால் முகத்தைப் பார்த்து, இன்றைக்குக் கோபமா குளிர்ச்சியா என்று சொல்லிவிடுவேன். புத்தகத்தின் முகத்தைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பது? நெய் வழியும் கோதுமை அல்வாவை இரண்டு கையிலும் வைத்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான். நான் சாப்பிடுகிற மாதிரி வாயருகே கொண்டுபோய் முந்தானை நுனியில் முடிந்துகொண்டேன். உள்ளே ஏதாவது கலந்திருந்தால்? ஒருவருக்காவது புத்தி தெளிவாக இருக்க வேண்டுமே.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். காசு வாங்கும் இடம் எங்கே என்று பார்த்தேன். இல்லை. பேர் எழுதும் நோட்டு? அதுவும் இல்லை. நீ யார், எந்த ஊர், என்ன ஜாதி, எதற்கு வந்தாய், ஒருவரும் கேட்கவில்லை. கேள்வி கேட்கிறவர்களை எனக்குத் தெரியும், பதில் சொல்லாமல் நழுவிவிடுவேன். கேட்காதவர்களிடம் எப்படி நழுவுவது? என் வயசுப் பெண் ஒருத்தி சப்பாத்தி தேய்க்கும் கட்டையை என் பக்கம் தள்ளினாள். வேலை என்றால் எனக்குக் கூச்சம் இல்லை. தேய்த்தேன். அவள் தேய்த்தது வட்டமாக வந்தது. என்னுடையது வரவில்லை. அவள் அதையும் எடுத்துக் கல்லில் போட்டாள்.

கிளம்பும்போது வாசலில் வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர் அவன் தோளில் கைவைத்துப் பேசினார். இவர்தான் தலைவர் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். மகனின் சட்டையைப் பிடித்து இழுத்து, "எம்புள்ள முடிய எடுத்தா இன்னா பண்ணுவீங்கன்னு கேளு" என்றேன்.

அவன் ஷெட்டில் கற்ற இந்தியில் கேட்டான். பெரியவர் என்னைப் பார்த்து ரொம்ப நேரம் பேசினார்.

"எப்பவும் போல வரலாம், சாப்புடலாம்னு சொல்றாரு."

"அவ்ளோதானா? அவரு அவ்ளோ நேரம் பேசினாரே."

"மீதி உன் முட்டிக்கு. நீ உக்கார முடியாம உக்காந்தியாம். கடுகெண்ணெய் தேய்க்கச் சொல்றாரு."

வீடு வரும்வரை எனக்கு அதே யோசனை. அவர் வேறு ஏதோ சொல்லியிருக்கிறார், இவன் மறைக்கிறான். இல்லையென்றால், அவ்வளவு கூட்டத்தில் என் முட்டியை எதற்கு ஒருவர் கவனிக்க வேண்டும்?

நாத்தனாரிடம் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"நீ ஒண்ணியும் பேசாத அண்ணி. ஆடி வெள்ளிக்குப் பொங்க வெக்கப் போறோம்னு மட்டும் சொல்லு. மொட்டை அடிக்கிறவர்கிட்ட நான் சொல்லி வெக்கிறேன். தலையில தண்ணிய ஊத்திட்டா முடிஞ்சிது. நனைச்ச தலையோட எழுந்து போறது ஆவாது. எந்த ஆம்பளையும் போவ மாட்டான்."

"அவன் சம்மதிக்காம..."

"ஒரு வயசுல இன்னா சம்மதிச்சா குடுத்தான்? கத்தினான். நாமதான் புடிச்சிக்கினோம்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் சும்மா இருந்தது நான்தான்.

ஆடி வெள்ளியில் மூவரும் போனோம். பானையையும் அரிசியையும் விறகுக் கட்டையும் அவனே தூக்கி வந்தான். கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினான், புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதற்குள் வளர்ந்துவிட்ட சின்னக் கொண்டையைச் சுற்றி ஒரு கறுப்புத் துணியைக் கட்டியிருந்தான். பொங்கல் பொங்கும்போது எல்லோரோடும் சேர்ந்து நின்றான். இவ்வளவு இதமாக நடந்துகொள்கிறானே, நம் திட்டம் தெரிந்துதான் வந்திருக்கிறானா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

வேப்பமரத்தடியில் மணைபோட்டு முடி இறக்குகிறவர் உட்கார்ந்திருந்தார். "வாப்பா, நீதானா? உக்காரு" என்றார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் நாத்தனார் பின்னால் வந்து ஒரு செம்புத் தண்ணீரையும் அவன் தலையில் கவிழ்த்துவிட்டாள்.

"நனைச்சாச்சு! இனிமே நீ உக்காந்துதான் ஆவணும்டா!"

சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பினார்கள். இரண்டொருவர் சிரித்தார்கள். அவன் கத்துவான், அத்தையைத் தள்ளிவிட்டு ஓடுவான் என்று நினைத்தேன். தாடியிலிருந்து தண்ணீர் சொட்ட அப்படியே நின்றான்.

"ம்மா, இது உனக்குத் தெரியுமா?"

நான் நாத்தனார் கையிலிருந்த காலிச் செம்பைப் பார்த்தேன்.

"உன் வேண்டுதலு. நீ வாயத் தொறந்து உக்காருடான்னு சொல்லு, உக்காந்துடறேன். அத்த சொல்லி இல்ல. நீ சொல்லணும்."

எனக்கு உடனே பட்டது, இது கணக்குப்போட்டுச் சொன்னது. நாலு பேர் முன்னால் என் வாய் திறக்காது என்று பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா? தப்பிக்கப் பார்க்கிறான். கோபத்தோடு நிமிர்ந்தேன். அவன் இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துப் பார்த்தான், அப்படியும் நிற்கவில்லை. தப்பிக்கிறவன் கை அப்படி நடுங்காது. சொன்னால் நிஜமாகவே உட்கார்ந்துவிடுவான்.

உட்காருவான், மொட்டையோடு எழுந்திருப்பான், அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் சொல்ல மாட்டான். பையைத் திறந்து பார்த்தாலும் எதுவும் இருக்காது. சொல்லாவிட்டாலோ, உள்ளே இருக்கிறவள் சும்மா விடுவாளா? யாரையும் நம்பி எனக்குப் பழக்கமில்லை. அவளையும்தான்.

நான் போய் மணையில் உட்கார்ந்தேன். கொண்டையை அவிழ்த்தேன்.

"இன்னா ஆயா, உனக்கா? பையனுக்குன்னு சொன்னாங்களே!"

"எனக்குத்தான். ஊத்து."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணி! தாலி அறுத்தவ மொட்டை போட்டுக்கினு தெருவுல போனா ஊரு இன்னா பேசும்? அவன் தலையில மூணு மொட்டைன்னுதான வேண்டிக்கின? உன் தலைய யாரு கேட்டா?"

"நான் குடுக்கிறேன். அவன் தலைக்குப் பதிலா என்னுது. அவளுக்கு வேணாம்னா, எங்கிட்ட வந்து கேக்கட்டும். அவன்கிட்ட போவக் கூடாது."

இவ்வளவு சத்தமாக நான் பேசியதை நானே அதற்கு முன்னால் கேட்டதில்லை. பேசியது நாத்தனாருக்குப் பதில் சொல்ல இல்லை, உள்ளே அம்மனுக்குக் கேட்கட்டும் என்றுதான்.

கத்தி குளிர்ச்சியாக இருந்தது. நரைத்த முடிதான், மடியில் விழுந்தபோது கோழியிறகு மாதிரி கனமே இல்லாமல் இருந்தது. இவ்வளவு இளைத்த முடியை ஏற்றுக்கொள்வாளா, இளம்பிள்ளை முடிக்கு இது ஈடாகுமா என்று கவலையாகிவிட்டது. அவன் என் எதிரே மண்ணில் குந்தி, முடி தரையில் சிதறாமல் துண்டில் ஏந்திக்கொண்டிருந்தான். அழுதான். நிம்மதியில் அழுகிறானா, எனக்காக அழுகிறானா என்று பார்த்தேன். தெரியவில்லை. சந்தனத்தை அரைத்து வந்து என் தலையில் பூசியவனும் அவன்தான். பூசும்போது, "ம்மா, நீ என்னைக் கேட்டிருக்கலாம்" என்றான். நான், "நீயும்தான்" என்றேன்.

அதற்கப்புறம் ஒன்றரை மாசம் கழித்து அவனுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, சாதாரணக் காய்ச்சல்தான் என்று மாத்திரை கொடுத்தார்கள். அவன் தூங்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் நெற்றியில் கைவைத்து, கேட்டால் என்னைக் கேள் என்று சொன்னேனே, சொன்னேனே என்று அம்மனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் எழுந்து ஷெட்டுக்குப் போனான். என் முட்டிவலி அந்த வாரம் அதிகமானது. அம்மன் கணக்கை என் பக்கம் மாற்றிவிட்டாள் என்று எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"அதான் ஏத்துக்கினாளே, இன்னும் இன்னா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற?" என்கிறாள் நாத்தனார்.

அவள் எதையும் சீக்கிரம் நம்பிவிடுவாள். அவனுக்கு ஒன்றும் ஆகாமல் போகிறதா என்று நான் இன்னும் இரண்டு ஆடி பார்க்க வேண்டும்.