மூட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது

பைக் ரேஸுக்கு முந்தின நாள் காலையில், கடலோர வளைவில் தடுப்புக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். அப்போது நான் ரோடு வேலையில் மஜ்தூர், கூலியாள். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அந்த இரும்புத் தடுப்பைப் பீம் என்போம். போல்ட் போட்டு மாட்டியது எங்கள் கேங்க்தான்.

பீம்களின் முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி மாட்ட வேண்டும்; அந்த இடம்தான் மூட்டு. வண்டி வரும் பக்கத்துப் பீமின் முனை ரோட்டைப் பார்த்து வெளியே, அடுத்தது அதன் பின்னால். அப்போதுதான் உரசுகிற வண்டி வழுக்கிப் போகும். எதிர்ப் பக்கமாக வந்தால் விளிம்பு கத்தி மாதிரி நேராக நிற்கும்.

ரேஸ் அதிகாரி அம்புப் பலகை நட்டபோதுதான் பார்த்தேன். வழக்கமாக வண்டி போகும் திசைக்கு எதிராக, தடுப்பை ஒட்டியே பைக்குகள் வரப்போகின்றன.

அதிகாரிகளிடம் எனக்கு வாய் வராது. எங்கள் கேங்கை மேய்க்கும் மேட் வங்காளி, அவரிடம் சொன்னேன். யார் போய்ச் சொல்வது அக்கா என்று ஹிந்தியில் முனகினார். நானே ரேஸ் அதிகாரியிடம் போய், ரூட்டைத் திருப்பிவிடச் சொன்னேன்.

"ஃபினிஷ்கிட்ட ஸ்டேஜ் போட்டாச்சு. சீஃப் கெஸ்ட்டுக்காகத்தான் இந்த ரூட். நீ பெயிண்ட் அடி."

என் மகன் வயது அவருக்கு. "நீ" என்றதைக்கூட விடுங்கள். ஆள் உயிரைவிட ஸ்டேஜ் ஷாமியானா பெரிதா என்றுதான் கோபம் வந்தது.

தூரத்துத் தீவில் இருக்கும் கேம்பல் பேயிலிருந்து ரேஸ் ஓட்டக் கப்பலில் பைக்கோடு வந்திருந்த ஒருவர் வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கிளவுஸைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, பைக் வரப்போகும் திசையில் பீம்மேல் கையை அழுத்தி நடந்தேன். மூன்றாவது மூட்டில் விளிம்பு கவ்வி கிளவுஸின் உள்ளங்கைப் பக்கம் கிழிந்தது.

"நாளைக்கு இது என் தோள்பட்டைம்மா," என்றார். "இந்தப் பக்கமா நான் ஓட்டல."

கிழிந்த கிளவுஸை மற்றவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினார். மத்தியானத்துக்குள் அத்தனை பேரும் ஓட்ட மாட்டோம் என்றுவிட்டார்கள். ரூட் திரும்பியது. ஸ்டேஜைப் பிரித்து மறுமுனைக்குச் சுமந்ததும் நாங்கள்தான்.

மறுநாள் அதே வளைவில் ஒருவர் விழுந்தார். பீமில் உரசி, வழுக்கி, புல்லில் போய் உட்கார்ந்தார். தோளில் சிராய்ப்பு மட்டும். பிறகு அதிகாரி மைக்கைப் பிடித்து, தானே நேரில் ஆய்வு செய்து ரூட்டை மாற்றியதாகச் சொன்னார். கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, உங்கள் கையால் மாட்டியதைப் பற்றி உங்களுக்குத் தெரிவது ஆபீஸில் யாருக்கும் தெரியாது. வாய் வராவிட்டால் கையால் காட்டுங்கள். அதை நான் செய்தேன். ஆனால் அதிகாரி மைக்கில் பேசியபோது, அது பொய் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நீங்களாவது சொல்லிவிடுங்கள்.