எலி வாடையும் குங்குமப்பூவும்

போன வாரம் பேத்திக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு அட்டையில் இருந்த வட்டங்களில் ரத்தத்தை ஒற்றி எடுத்தாள். ஐந்து வட்டங்கள். நான்காவது சரியாக நிரம்பவில்லை என்றேன். "தாத்தா, நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க" என்றாள் பேத்தி. வெளியே வந்த நர்ஸிடம் ரத்தம் எதற்கு என்று கேட்டேன். "என்சைம் குறை ஏதும் இருக்கான்னு பாக்கத்தாங்க ஐயா."

என்சைம், தமிழில் நொதி. அந்தச் சொல்லை வைத்துத்தான் நான் முப்பத்திரண்டு வருஷம் சோறு தின்றேன். திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை. பையன்களைச் சோதனைக்குழாயில் எச்சில் துப்பச் சொல்லி, அதில் சோற்றுக்கஞ்சியை ஊற்றுவேன். அரை நிமிஷத்துக்கு ஒரு சொட்டு எடுத்து அயோடினில் விட வேண்டும். முதலில் கருநீலம், ஏழெட்டு நிமிஷத்தில் நீலமே வராது, மாவு சர்க்கரையாகியிருக்கும். எச்சிலைக் கொதிக்கவைத்துவிட்டுச் செய்தால் மணிக்கணக்கில் நின்றாலும் நீலம் மாறாது, அதிலிருந்த நொதி செத்திருக்கும். ஒரு நொதிக்கு ஒரு வேலை, அது இல்லாவிட்டால் அந்த வேலை நடக்காது என்று சொல்லி முடிப்பேன். வருஷத்துக்கு நான்கு வகுப்பில் சொன்னதை ஒரு நாளும் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை.

வீடு திருவானைக்காவலில். நான் கட்டியது அக்கா மகளை. அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். வெளியே பெண் தேடியிருந்தால்தான் ஏனென்று கேட்டிருப்பார்கள். இருவரும் நல்ல கறுப்பு, மூத்த மகனும் அப்படியே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் பிறந்த மகள் செல்வி மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தாள். தலைமுடி சோளக்கதிர் நூல் மாதிரி. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாம் நான் ஸ்ரீரங்கத்துல வாங்கிக் குடுத்த குங்குமப்பூ" என்று தெரு முழுக்கச் சொன்னாள். எதிர்வீட்டு அம்மாள் மட்டும், "பொன்மலை ரயில்வே தொரை வீட்டுப் புள்ள வழி தவறி வந்துடுச்சா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வருஷம்தான் வீட்டில் எலி வாடை தொடங்கியது. குழந்தையின் துணியில், பாயில், எல்லாவற்றிலும். பொறியில் மசால்வடை வைத்து ஒன்பது எலி பிடித்தேன். வாடை போகவில்லை.

இரண்டு வயதிலும் செல்வி நிற்கவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. சத்துப் போதவில்லை என்று முடிவு கட்டினோம். நாளுக்கு மூன்று டம்ளர் பால், நெய் விட்டுப் பருப்புச் சாதம். மூன்று வயதில் வலிப்பு வந்ததும் திருச்சிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். அவர் குழந்தையின் தலையை முகர்ந்து பார்த்தார்.

"சொந்தத்துல கட்டினீங்களா சார்?"

"அக்கா பொண்ணுங்க."

"உங்க லேப்ல ஃபெரிக் குளோரைடு இருக்கா?"

"இருக்குங்க. மூணாவது தட்டுல, இடப்பக்கம்."

"குழந்தையோட மூத்திரத்துல ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க."

சின்ன பாட்டிலில் எடுத்துக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டும் பஸ்ஸில் மடியில் வைத்துப் போனேன். சொட்டு விட்டு ஐந்து எண்ணுவதற்குள் பாசிப்பச்சை.

ஈரலில் ஒரே ஒரு நொதி வேலை செய்யவில்லை. பாலிலும் பருப்பிலும் உள்ள ஒரு பொருளை மாற்ற ஆளில்லாமல் அது ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுத்திருக்கிறது. முடிக்கும் தோலுக்கும் நிறம் ஏறாததற்கும் அதுவே காரணம், எலி வாடைக்கும் அதுவே. எங்கள் இருவரிடமும் அந்தக் குறை பாதிப் பாதியாக ஒளிந்திருந்தது.

"வெளிநாட்டுல இதுக்குன்னு ஒரு மாவு இருக்கு. இங்க கிடைக்காது" என்றார் டாக்டரம்மா. "கிடைச்சாலும் கெட்டது கெட்டதுதான். பாலையும் பருப்பையும் நிறுத்துங்க, வலிப்பாவது குறையும்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "அப்ப நான் குடுத்ததுதானா மாமா?"

"அப்படியில்ல. நொதி இல்லாததுதான் காரணம்" என்று வகுப்பில் பேசும் குரலில் சொன்னேன். சொல்லும்போதே மனசுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம், நாளுக்கு மூன்று டம்ளர்: ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து. அந்த எண்ணை அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.

பிறகு ஜவ்வரிசிக் கஞ்சி, வாழைப்பழம். வாரத்துக்கு நான்கு வலிப்பு ஒன்றானது. ஆனால் பிள்ளை உருகினாள். விலா எலும்புகளை எண்ணலாம், எண்ணினேன். "பச்சப் புள்ளைக்குப் பால் குடுக்காதன்னு எந்தப் படிச்சவன்டா சொல்லுவான்?" என்று அக்கா என்னோடு பேச்சை நிறுத்தினாள்.

ஒரு மத்தியானம் கல்லூரி சீக்கிரம் விட்டது. அடுப்படியில் மனைவி செல்வியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கையில் பால் டம்ளர். பக்கத்தில் அக்கா. மனைவி டம்ளரை மறைக்கவில்லை.

"கேக்குறா மாமா. இன்னைக்குத்தான் வாயத் தொறந்து ஒண்ணு கேக்குறா."

செல்வி டம்ளரைப் பார்த்து, "பா" என்றாள். மூன்று வருஷம் ஏழு மாதத்தில் முதல் சொல்.

வாங்கிக் கொட்டியிருக்க வேண்டும். எனக்கு எல்லாம் தெரியும்.

"ஆத்திக் குடு, சுடும்" என்றேன்.

ஆறாவது வயதில், ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். வேறு சொல் எதுவும் அவளுக்கு வரவில்லை. அந்த ஒன்றைக் கேட்டவர்கள் மூன்று பேர். அக்கா இப்போது உயிரோடு இல்லை. மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மூத்தவனுக்குத் தங்கையின் முகமே நினைவில்லையாம். காட்டுவதற்கு ஒரு போட்டோவும் கிடையாது. அவள் எழுந்து நிற்கட்டும், நிற்கவைத்து எடுக்கலாம் என்றிருந்தோம்.